இப்போதைக்கு என்று ஒரு சொல்

திருகோணமலைக்கு வரும் அன்பர்கள் கோணேசர் மலையில் நின்று கடலைக் காண்பார்கள். கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீர் அள்ளித் தலையில் வார்த்துக்கொள்வார்கள். கோட்டையின் அருகே மனிதருக்கு அஞ்சாமல் திரியும் புள்ளிமான்களைக் கண்டு வியப்பார்கள். குன்றுகள் அரணாய்ச் சூழ்ந்து நிற்கப் பெருங்கப்பல்களும் அமைதியாக நங்கூரம் பாய்ச்சும் இத்துறைமுகத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே ஊர் திரும்புவார்கள். அவர்கள் காணாமலே போகும் காட்சி ஒன்று உண்டு. இரவிலே கொழும்புக்குப் புறப்படும் பஸ்ஸின் அருகே சற்று நேரம் நின்றால் அது கண்ணிற் படும்.

தாய் ஒருத்தி நிற்பாள். அவள் தோளிலே, துவாயினால் தலையை மூடிய பிள்ளை ஒன்று சாய்ந்திருக்கும். கையிலே ஒரு பொலித்தீன் பை. பைக்குள்ளே எக்ஸ்ரே படங்களும், இரத்தப் பரிசோதனைத் தாள்களும், ஓரம் மடிந்த கிளினிக் கொப்பியும் இருக்கும். குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ பகலிலேயே புறப்பட்டு வந்தவள் அவள். இன்னும் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம் அவளுக்கு மிச்சமிருக்கிறது. கடும்பிணியுற்ற குழந்தைக்கு வேண்டிய பெரிய வைத்தியம் இத்தீவிலே இன்றும் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே நிற்கின்றது.

நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியத்துக்கு விலை இல்லை. இது சிறிய செல்வமன்று. 1940களின் நடுப்பகுதியிலே, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் நூற்று நாற்பது அளவில் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. அத்தொகை இன்று பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1934-35இல் ஏறக்குறைய 80,000 உயிர்களை வாரிக்கொண்டுபோன மலேரியா இன்று இந்நாட்டில் இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இவ்வளவும் செய்த நாடு நாம். ஆயினும் அந்த இரவு பஸ்ஸிலே ஏறும் தாய்க்கு வேறொரு கணக்கு உண்டு. இழந்த நாட்கூலி, அயலவரிடம் விட்டுவந்த மற்றைய பிள்ளைகள், தெரியாத ஊர், தெரியாத மொழி. இக்கணக்கை எந்தக் கிளினிக் கொப்பியிலும் எழுத இடமில்லை.

நான் வைத்தியனல்லன், சிங்களம் நன்றாகத் தெரிந்தவன், அவ்வளவே. அந்த ஒரு தகுதியினால், சில ஆண்டுகளின் முன், அயல்வீட்டுத் தாய் ஒருத்தியோடும் அவளுடைய பதினொரு வயது மகனோடும் அந்த பஸ்ஸிலே நானும் ஏறினேன். பையனுக்கு இரத்தத்திலே நோய். ஒன்றரை வருடமாக ஊசியும் மருந்தும் நடந்துகொண்டிருந்தன. ஒருமுறை குணமானாற்போல் இருந்து, நோய் திரும்பவும் வந்திருந்தது. “என்ன சொல்லுகினமெண்டு எனக்கு விளங்குதில்லை, அண்ணை. நீங்கள் ஒருக்கால் வந்து கேட்டுச் சொல்லுங்கோ” என்று அவள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. வைத்தியர் இளம்பெண். மிகவும் பொறுமையானவர். தமிழ் மட்டும் அவருக்கு வராது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று என்பது சட்டப் புத்தகத்திலே உள்ளது. கட்டிலின் பக்கத்திலே அன்று நான்தான் இருந்தேன். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: இனி இந்த ஊசிகளால் பயனில்லை, கொடுத்தால் துன்பம் கூடுமேயன்றி நோய் குறையாது. பிள்ளையை வலியில்லாமல் வைத்திருப்பதே இனி எங்கள் கடமை. தாய் விரும்பினால் ஊருக்குக் கொண்டுபோகலாம்.

தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: “இப்போதைக்கு ஊசியை நிறுத்துகிறார்களாம். ஊருக்குப் போய் இளைப்பாறலாமாம்.”

வைத்தியர் சொல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்தேன். அவர் சொன்ன பலவற்றை விழுங்கினேன். அவள் முகத்திலே சிறிது வெளிச்சம் வந்தது. நல்ல காரியம் செய்தவன்போல் நான் அங்கே நின்றேன்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் பையன் என்னைப் பார்த்தான்.

“மாமா, இப்போதைக்கு எண்டு டொக்டர் சொல்லேல்லையே.”

துறைமுகத்துப் பக்கத்து ஒழுங்கையிலே சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன் அவன் என்பதை நான் மறந்துபோனேன். நான் வாய் திறக்குமுன் அவனே மறுபடியும் சொன்னான்: “பரவாயில்லை. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அழுவா.”

இத்தனை காலமும் அந்தக் கட்டிலருகே பேசப்பட்டவை எல்லாவற்றையும் அப்பிள்ளை தனியாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டதைத் தாய்க்குத் தெரியாமல் ஒளித்தும் வைத்திருக்கிறான். பதினொரு வயதிலே சுமக்கக்கூடிய சுமையா அது?

இது அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். மைரா புளூபோண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியிலே பழகி, தாம் கண்டதை 1978இல் ஒரு நூலாக வெளியிட்டார். யாரும் சொல்லாமலே அப்பிள்ளைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தனர். மருந்து மாறுவதையும், பக்கத்துக் கட்டில் வெறுமையாவதையும், பெரியவர்கள் கதவுக்கு வெளியே நின்று பேசுவதையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டனர். அறிந்தபின்னரும், தாய் தந்தையர் மனம் நோகாதபடி, அறியாதவர்போல் நடித்தனர். பெற்றோரும் பிள்ளைக்காக நடித்தனர். இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் காக்கப் போய், இரு பக்கத்தாரும் தனிமைப்பட்டனர்.

சுவீடன் நாட்டிலே நடந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். புற்றுநோயினால் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் நானூற்றுக்கு மேற்பட்டவரிடம், “உங்கள் பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசினீர்களா?” என்று கேட்டார்கள். 2004இல் அதன் முடிவு வெளிவந்தது. பேசினோம் என்றவர் 147 பேர். பேசியதற்காக அவர்களுள் ஒருவரேனும் பின்னர் வருந்தவில்லை. பேசவில்லை என்றவர் 258 பேர். அவர்களுள் 69 பேர், பேசாமற் போனோமே என்று வருந்தினர். மற்றையோர் பேசாதிருந்ததற்காக வருந்தவுமில்லை. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும் என்று இதிலிருந்து விதி செய்ய முடியாது. ஆயினும், சொன்னால் பிள்ளை உடைந்துபோவான் என்ற நம் அச்சத்தின் பெரும்பகுதி நம்முடைய அச்சமேயன்றிப் பிள்ளையுடையதன்று என்பது இதனால் விளங்குகிறது.

வைத்தியத்தை நிறுத்துவோம் என்று சொல்வது வைத்தியருக்கும் எளிதன்று. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 1948இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை அறிவித்தார். சில மாதங்களில் நோய் மீண்டது. ‘சாகும் பிள்ளைகளை மேலும் வதைப்பதா?’ என்று அன்றும் கேட்டவர்கள் இருந்தார்கள். அக்கேள்வியிலே நியாயம் இருந்தது. அவர் முயற்சியிலும் நியாயம் இருந்தது. நம் கோயில் வீதிகளிலும் மயானக் கரைகளிலும் கவனிப்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணியை எல்லோரும் அறிவர். சுடுகாட்டுமல்லி என்றும் அதற்கொரு பெயர். அச்செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து 1960களில் புழக்கத்துக்கு வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அதன்பின் வளர்ந்தது. இன்று செல்வ நாடுகளிலே புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றிலே முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை என்றும், 2030க்குள் உலகெங்கும் அறுபது பேரையாவது காப்பதே குறிக்கோள் என்றும் 2018இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே நோய் என்றதும் கைவிடுவது பாவம். பயனில்லை என்று தெரிந்தபின்னும் ஊசி குத்துவது மற்றொரு பாவம். இரண்டுக்கும் இடையிலே உள்ள கோட்டை வைத்தியர் தனியே கீறுதல் ஆகாது; தாயும் தந்தையும், முடிந்த அளவுக்குப் பிள்ளையும், கூட இருக்க வேண்டும்.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயம், தன்னைப் பற்றிய காரியங்களிலே பிள்ளையின் கருத்தையும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி, மதிக்க வேண்டும் என்கிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதி செய்தது. பிள்ளையின் கருத்தைக் கேட்பதென்றால் முதலிலே அதற்கு உண்மை தெரிய வேண்டும். அது தன் தாய்மொழியிலே, தனக்கு வேண்டியவர் பக்கத்தில் இருக்க, தெரிய வேண்டும்.

வேண்டியவர் பக்கத்தில் இருத்தல் என்பது வைத்தியத்தின் ஓர் உறுப்பு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது பிணியாளன், வைத்தியன், மருந்து என்ற மூன்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்தூட்டுபவனையும் நான்காவதாகச் சேர்த்துக் கூறுகிறார். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் இந்த நான்காவதை வெகுகாலம் மறந்திருந்தன. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தாய் வந்து பார்க்கலாம் என்ற விதியெல்லாம் இங்கிலாந்திலே இருந்தது. 1952இல் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர், ஆஸ்பத்திரியிலே தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி நாளுக்கு நாள் எவ்வாறு வாடினாள் என்பதைப் படம் பிடித்துக் காட்டினார். வைத்தியர்கள் முதலிலே கோபித்தார்கள், பிறகு சிந்தித்தார்கள். 1959இல் அந்நாட்டு அரசாங்கக் குழு ஒன்று, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று கூறியது. நம் குழந்தை வாட்டுகளிலே கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுக்கும் தாயை இடைஞ்சலாக எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ளல் நன்று. அவளும் மருந்துதான்.

இந்தத் துணை என்னும் காரியத்தின் மிகக் கொடிய சோதனையை எங்கள் துறைமுகமே கண்டது. 2009 பெப்ரவரி நடுப்பகுதி முதல் மே 9 வரை, முல்லைத்தீவுக் கரையிலே போரினுள் அகப்பட்ட காயக்காரரையும் நோயாளரையும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாக வெளியே கொண்டுவந்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்களிலே ஏற்றி, ஆழத்திலே நின்ற ‘கிறீன் ஓஷன்’ என்ற கப்பலுக்கு மாற்றினார்கள். அக்கப்பல் முதலிலே திருகோணமலைக்கு வந்தது. மார்ச் மாதத்திலிருந்து, இந்திய வைத்தியக் குழுவினர் தற்காலிக ஆஸ்பத்திரி அமைத்திருந்த புல்மோட்டைக்கு வந்தது. அவ்வாறு வந்தோர் 13,000க்கும் அதிகம். அந்தத் தொகையிலே நோயாளரையும் துணைக்கு வந்தோரையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

துணைக்கு வந்தோர் என்ற அந்தச் சொற்களை ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று காயப்பட்டுக் கிடக்கிறது. கப்பலிலே இடம் சிறிது; ஏற வேண்டியவர் பலர். காயப்பட்ட பிள்ளையோடு போவதா, மற்ற இருவரோடு கரையிலே நிற்பதா? போனால் அவர்களைத் திரும்பக் காண்பாளா? எந்த வைத்திய நூலிலும் இதற்கு விடை இல்லை. அவசர வேளையிலே யாரை முதலில் ஏற்றுவது என்பதற்கு வைத்தியர்களிடம் முறை ஒன்று உண்டு. தாய்க்கு அத்தகைய முறை ஒன்றை யார் எழுதித் தந்தார்? அந்நாட்களிலே இறங்குதுறையில் வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் இப்படி ஒரு தீர்ப்பு இருந்திருக்கும். நியாயம் பேசுவோர் அங்கே தலை குனிந்து நிற்பதே முறை.

போர் இல்லாத காலத்திலும் பற்றாக்குறை தெரிவு செய்யச் சொல்லும். 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து மருந்துகள் அருகியபோது, புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் மூச்சுப் பாதையிலே இடும் குழாய்களை எறியாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துமாறு, சிசு வைத்தியர்களின் சங்கம் அவ்வாண்டு ஏப்ரலிலே கூற வேண்டி வந்தது. ஒருமுறைக்கென்று செய்த குழாயை மறுமுறை இடுவது தவறு. குழாயே இல்லாமல் விடுவது அதனிலும் தவறு. அந்தச் சங்கத்தார் மறைக்காமல் வெளியே சொன்னார்கள், உதவியும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னதனால் அவர்களுக்குத் துணை கிடைத்தது.

அப்படியானால் குணப்படுத்த முடியாத பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது என்ன? 1982இல் ஒக்ஸ்போட்டிலே ‘ஹெலன் இல்லம்’ என்ற பெயரில், அத்தகைய குழந்தைகளுக்கென்றே உலகின் முதலாவது இல்லம் தொடங்கிற்று. அது தூரத்துக் கதை. பக்கத்துக் கதை கேரளத்திலே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டிலே சிலர் கூடி, நோவு தணிக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே வைத்தியரும் தாதியும் மட்டுமன்றி, அயலிலுள்ள சாதாரண மனிதரும் பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குச் செல்கிறார்கள். கட்டடம் பெரிதில்லை, மோர்பீன் மருந்தும் மனிதரும் வீடு தேடிப் போகின்றன.

நம்மிடமோ வீடு தேடிச் செல்லும் வழி ஏற்கெனவே உண்டு. முன்னாளிலே மருத்துவ மாது என்றும் இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்றும் நாம் அழைக்கும் பெண், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போகிறாள். ஒரு காலத்தில் கிண்ணியாவுக்குப் போவதென்றால் துறையிலே ‘பாதை’க்குக் காத்திருக்க வேண்டும், 2009 ஒக்ரோபரிலே அங்கே 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தாயிற்று. பிறப்புக்காக இத்தனை வழிகளை அமைத்த நாம், நோவு தணிக்கும் மருந்தும் தமிழிலே உண்மை சொல்லும் ஒரு நாவும் அதே வழியால் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் போகச் செய்ய முடியாதா? பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், தாயின் மொழி அறிந்த, அதற்கென்றே பயின்ற ஒருவரை நிறுத்த முடியாதா? என்னைப்போன்ற அயல்வீட்டுக்காரனிடம் அந்த வேலையை விட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே கூறிவிட்டேன்.

அன்றிரவு நாங்கள் ஊர் திரும்பினோம். பையன் யன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தான். ஹபரணை கடந்து காட்டுப் பாதையிலே பஸ் ஓடியது. வைத்தியர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அவன் தாய்க்கு நான் சொன்னேன். பிள்ளை என்னிடம் சொல்லாதே என்று கேட்டதையும் மீறியே சொன்னேன். அது சரியா தவறா என்று இன்றும் என் மனம் வழக்காடுகிறது. அவள் அழவில்லை. நெடுநேரம் இருட்டையே பார்த்திருந்து, மெல்லக் கேட்டாள்:

“அவனுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

அவள் எழுந்து, எனக்கும் அவனுக்கும் நடுவே இருந்த ஆசனத்துக்கு மாறி உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் மடியிலே எடுத்து வைத்துக்கொண்டாள். கந்தளாயை அண்டியபோது அவன் விழித்துவிட்டான் போலும். தாயும் மகனும் தாழ்ந்த குரலிலே ஏதோ பேசத் தொடங்கினார்கள். அது எனக்குரிய பேச்சன்று. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் திருகோணமலையை அடைந்து, கீழ்வானம் வெளுக்கும் வரையில் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஏழு வாரம் அவன் வீட்டிலே இருந்தான். அந்த ஏழு வாரமும் அவன் தனியாக இருக்கவில்லை.